ஐந்தாம் பந்தியில் மணி அடிப்பவர்

என் ஆயுளில் நான் எழுதி முடித்த ஒரே நூல் பதினொரு பக்கம். அதுவும் தட்டச்சில், தாராளமாக இடைவெளி விட்டு. "நச்சு வாயு கசியுமிடத்துக் குடியேற்றவாசிகள் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்குகள்" என்பது அதன் தலைப்பு. அட்டையில் என் பெயர் இல்லை, அலுவலக முத்திரைதான் இருந்தது. ஆனால் உள்ளே இருந்த ஒவ்வொரு வசனமும் என்னுடையது, ஐந்தாம் பந்தி உட்பட. அந்தப் பந்தியில் நான் ஒரு மனிதரின் பெயரை எழுதினேன். அவரால் ஓட முடியாது என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என் பக்கத்து நியாயங்களை அடுக்கும்போது நீங்கள் ஏமாறாமல் இருக்கலாம்.

அறுபதுகளின் தொடக்கம். வன்னியில், மல்லாவிக்கு அப்பால் காடு வெட்டிப் பழைய குளமொன்றைத் திருத்தி உண்டாக்கிய குடியேற்றத் திட்டத்துக்கு நான் கிளாக்கராக மாற்றலாகி வந்திருந்தேன். குடாநாட்டிலிருந்து வந்த குடும்பங்களுக்கு வயலும் மேட்டுக்காணியும் கொடுத்திருந்தார்கள். எங்களுக்கு அலுவலகமும், வெள்ளையடித்த விடுதிகளும், பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியும். குளத்து நீரைச் சுத்தம் செய்து ஆஸ்பத்திரிக்கும் விடுதிகளுக்கும் குழாயில் விடுவதற்காகக் குளக்கரையில் ஒரு பம்புக் கொட்டில் கட்டினார்கள். வயல் செய்த கமக்காரருக்குக் குழாய் கிடையாது. தண்ணீரில் கலப்பதற்குக் குளோரின் வாயு அடைத்த இரும்புச் சிலிண்டர்கள் கொழும்பிலிருந்து லொறியில் வந்திறங்கின. ஆக, தண்ணீர் எங்களுக்கு, வாயு ஊர் முழுவதற்கும் பொது என்பதுதான் ஏற்பாடு. உண்மையைச் சொன்னால் நாங்களும் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. தேத்தண்ணி ஆஸ்பத்திரி மணம் மணக்கிறது என்று கமக்காரர் கிணறுகளில்தான் வாளி போட்டோம்.

பம்புக் கொட்டிலுக்கு ஒரு வாச்சர் இருந்தார். முதல் தொகுதியில் வந்த குடியேற்றவாசி. காடு வெட்டிய நாட்களில் முதிரை மரமொன்று சரிந்து அவருடைய வலது காலை நசித்துவிட்டது. கால் தப்பியது, ஆனால் முழங்கால் பிறகு மடங்கவேயில்லை. ஏர் பிடிக்க ஏலாத ஆளென்று இரக்கப்பட்டு இந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள். வயலை மனைவி பார்த்துக்கொண்டார். வாசலில் நின்ற பாலை மரத்தின் கீழே ஒரு கதிரையைப் போட்டு, காலை நேரே நீட்டிக்கொண்டு அவர் நாள் முழுக்க இருப்பார். அந்த மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. யானை வயலுக்குள் இறங்கினால், வைக்கல் போரில் நெருப்புப் பிடித்தால், யாரையாவது பாம்பு தீண்டினால் அதில் அடிப்பார்கள். சத்தம் குளத்துக்கு அக்கரையிலும் கேட்கும்.

இப்படியிருக்க, கொழும்பிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எங்கேயோ ஒரு தண்ணீர் நிலையத்தில் சிலிண்டர் கசிந்ததாம். ஆகவே சிலிண்டர் வைத்திருக்கும் இடமெல்லாம் ஊர் மக்களையும் கலந்து ஒரு திட்டம் எழுதி உடனே அனுப்ப வேண்டும். சுற்றறிக்கை சிங்களத்தில் இருந்தது. நானோ அந்த நாட்களில் சிங்களச் சோதனையை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டவன். நல்ல வேளையாக இணைப்பு ஆங்கிலத்தில் இருந்தது. ஊராருக்கு விளக்கம் எந்த மொழியிலும் இல்லை. அதை எழுதுவது என் தலையில் விழுந்தது.

குழுக் கூட்டம் ஒரு ஆனி மாதக் காலையில், நானாவின் கடை விறாந்தையில் நடந்தது. நானா முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் வியாபாரி. மண்ணெண்ணெய் முதல் நாயாற்றுக் கருவாடு வரை அவரிடம் எல்லாம் இருக்கும். ஊரில் ஆறு கதிரைகள் ஒரே இடத்தில் இருந்ததும் அங்கேதான் என்பதால் அவரும் குழுவில் அங்கத்தவர் ஆனார். தலைமை, பகுதிக் காரியாதிகாரியான டி.ஆர்.ஓ. ஐயா. ஜீப்பை விட்டு இறங்கும்போதே அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்ட முகத்தோடு இறங்குகிறவர். வைத்திய ஆலோசனைக்கு ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஐயா. செயலாளர் நான். கமக்காரர் சார்பில் வரவேண்டியவர் சிறுபோகத்துக்கு வாய்க்கால் திறக்கப் போய்விட்டார். அவர் எல்லாவற்றுக்கும் சம்மதித்ததாகக் குறிப்பில் எழுதினேன்.

முதல் விஷயம், ஊருக்கு எப்படி அறிவிப்பது. டி.ஆர்.ஓ. ஐயாவுக்குச் சைரன் வைக்க ஆசை. கிளிநொச்சியிலேயே இல்லாத சாமான் எங்களுக்கு எப்படி வரும்? கோயில் மணி என்றால் பூசை என்று நினைத்துக் கொள்வார்கள். கடைசியில் பாலை மரத்துத் தண்டவாளமே போதும் என்று முடிவாயிற்று. அப்போது நானா தொண்டையைச் செருமினார்.

"சேர், ஒண்டு கேக்கட்டே? கேஸ் கொட்டிலுக்குள்ள. மணி கொட்டில் வாசல்ல. மணி கேட்டு எல்லாரும் ஓடுறதெண்டால், அடிக்கிற ஆள் எப்ப ஓடுறது?"

அப்போதிக்கரி ஐயா தன் தேத்தண்ணிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்.

"ஐஞ்சு நிமிஷம் விடாமல் அடிக்க வேணும். பிறகு அவரும் ஓடலாம்தானே" என்றார் டி.ஆர்.ஓ.

"ஆர் அடிக்கிறது?"

"கடமையில நிக்கிற ஆள்."

எல்லோரும் என் பேனாவைப் பார்த்தார்கள். நான் ஐந்தாம் பந்தியில் வாச்சரின் பெயரை எழுதினேன். அவருடைய காலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. எனக்குப் பசித்துக்கொண்டிருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இன்றுவரை எனக்கு அகப்படவில்லை. அப்போதிக்கரி ஐயா மட்டும் கொஞ்சம் மனம் கேளாமல், "அவருக்கு ஒரு முகமூடி எண்டாலும் எடுத்துக் குடுக்க வேணும்" என்றார். கொடுக்கலாம், எழுதுங்கோ என்றார் டி.ஆர்.ஓ. முகமூடி ஆறாம் பந்தி ஆயிற்று.

அடுத்தது காற்று. இணைப்பில் ஒரு வரைபடப் படிவம் இருந்தது. அதில் "காற்றின் திசை" என்று ஒரு கட்டம். அதற்குள் ஓர் அம்புக்குறி போட வேண்டும். அப்போது சோளகம் வீசிக்கொண்டிருந்தது. தென்மேற்கிலிருந்து அடித்த காற்று எங்கள் கடதாசிகளை ஒவ்வொன்றாகக் கடைக்குள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தது. நான் சட்டைப்பையிலிருந்த கைலேஞ்சியை எடுத்து உயர்த்திப் பிடித்துப் பார்த்து அம்பைக் கீறினேன். வாயு வடகிழக்கே போகும். ஆகவே சனம் தென்மேற்கே போக வேண்டும். குளக்கட்டின் தென்மேற்கு முனை மேடாகவும் இருந்தது. அதையே ஒன்றுகூடும் இடமாக்கினோம்.

"மாரியில காத்து மாறும் கிளாக்கர் ஐயா. வாடை அடிச்சால் எல்லாம் மறுவளமாப் போகும்" என்றார் நானா.

டி.ஆர்.ஓ. ஐயா படிவத்தை வாங்கிப் பார்த்தார். "ஒரு கட்டம்தானே கிடக்கு" என்றார். அதோடு அந்த விஷயம் முடிந்தது.

அன்று மாலை வாச்சரிடம் போய்ச் செய்தியைச் சொன்னேன். அவர் பந்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

"காணிப் பெமிற்றுக்குப் பிறகு என்ர பேரை அரசாங்கம் எழுதினது இதிலதான்" என்று சிரித்தார். "ஐஞ்சு நிமிஷம் என்னெண்டு ஐயா பாக்கிறது? என்னட்டை மணிக்கூடு இல்லையே."

சுமாராக அடியுங்கோ என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பதிலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும்.

அவருடைய மனைவி மறுநாள் அலுவலகத்துக்கு வந்தார். வயலில் இருந்து நேரே வந்தபடியால் படிக்கு வெளியே நின்றுதான் பேசினார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"ஐயா, மணி கேட்டால் எல்லாச் சனமும் குளக்கட்டுக்கு ஓட வேணுமெண்டு எழுதியிருக்கிறியளாம்."

"ஓம்."

"இவருக்கு மணி அடிக்க எழுதியிருக்கிறியளாம்."

"ஓம்."

"அப்ப இவரை ஆர் வந்து தூக்கிறது?"

"முகமூடி வரும். ஆறாம் பந்தியில இருக்கு" என்றேன்.

"அதைப் போட்டால் கால் மடங்குமோ ஐயா?" என்று கேட்டார். கேட்டவர் பதிலுக்கு நிற்கவில்லை. களை பிடுங்க ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று போய்விட்டார். நான் அந்தக் கேள்வியைக் குறிப்பில் சேர்க்கவில்லை. அதற்குப் பந்தி ஒதுக்கப்படவில்லை.

முகமூடிக்கு எழுதினோம். முகமூடி வரவில்லை, ஒரு படிவம் வந்தது. அணிபவரின் முகத்தை ஆறு இடத்தில் அளந்து அனுப்ப வேண்டுமாம். நானாவின் கடையில் தையல் மெசினோடு ஒரு அளவு நாடாவும் இருந்தது. அதை இரவல் வாங்கிக்கொண்டு போய்ப் பாலை மரத்தடியில் வாச்சரின் முகத்தை அளந்தேன். நெற்றியைச் சுற்றி, தாடையைச் சுற்றி, மூக்குப் பாலத்திலிருந்து நாடி வரை. ஒரு மனிதரின் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் அதற்கு முன்னர் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு, படம் பிடிக்க முகம் கொடுக்கிறவர் போல அசையாமல் இருந்தார். இடக்கன்னத்தில் அந்த முதிரை மரம் கீறிய தழும்பும் இருந்தது. தழும்புக்குப் படிவத்தில் இடமில்லை.

ஆடி மாதம் ஒத்திகை வைத்தோம். ஒவ்வொரு வாய்க்காலாகச் சைக்கிளில் போய் வாசித்துக் காட்டினேன். மணி கேட்டதும் கையில் உள்ள வேலையைப் போட்டுவிட்டு, ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, குளக்கட்டின் தென்மேற்கு முனைக்குப் போகவும். எல்லோரும் தலையாட்டினார்கள். வன்னியில் அரசாங்க ஆள் வாசித்தால் தலையாட்டுவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஒத்திகை நாள் காலை எட்டு மணிக்கு டி.ஆர்.ஓ. ஐயா கைமணிக்கூட்டைப் பார்த்துத் தலையசைக்க, வாச்சர் தண்டவாளத்தில் அடித்தார். இரண்டு நிமிடம்தான் போயிருக்கும். நாலு பக்கத்திலிருந்தும் சனம் வந்தது, குளக்கட்டுக்கு அல்ல, எங்களை நோக்கி. ஆண்கள் கத்தியும் கோடரியும் கொண்டு வந்தார்கள். யானை விரட்டத் தகரம் தட்டிக்கொண்டு ஒரு கூட்டம். நெருப்பென்று நினைத்துக் குடத்தில் தண்ணீரோடு பெண்கள். ஒருவர் பாம்புக் கடிக்கு மருந்துவேர் கொண்டு வந்தார். பத்து நிமிடத்தில் பாலை மரத்தடியில் ஊரே நின்றது. கற்பனை வாயுவில் ஒருவர்கூடத் தப்பவில்லை.

டி.ஆர்.ஓ. ஐயாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஜீப்பின் படியில் ஏறி நின்று, மணி கேட்டால் மணிக்கு எதிர்ப்பக்கம் போகவேண்டும் என்று மூன்று தடவை கத்தினார். கோடரியோடு முன்னால் நின்ற ஒரு கமக்காரர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"அதெப்பிடி ஐயா? மணி அடிக்கிறதெண்டால் ஒருத்தன் அந்தரப்படுறான் எண்டுதானே கருத்து. மணி கேட்டு மற்றப் பக்கம் போனவன் எண்டு நாளைக்கு எங்களை ஊருக்குள்ள மதிப்பினமோ?"

காடு வெட்டிக் குடியேறிய ஊர் அது. பக்கத்துக் காணிக்காரன் ஓடி வருவான் என்ற நம்பிக்கையில்தான் ஒவ்வொருவரும் அந்தக் காட்டுக்குள் படுத்து எழும்பினார்கள். சத்தம் கேட்ட பக்கம் ஓடாதவனுக்குப் பிறகு களத்தில் நெற்சூடு மிதிக்க ஆள் வராது, செத்தவீட்டுக்குப் பாடை தூக்கவும் ஆள் வராது. இதையெல்லாம் நான் இன்று விளங்கி எழுதுகிறேன். அன்று, படிக்காத சனத்தோடு மாரடிக்க வேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொண்டேன்.

இரண்டாம் ஒத்திகை நாளை முன்கூட்டியே சொல்லிவிட்டோம். அதற்கு எல்லோரும் விடியவே குளித்து, நல்ல உடுப்பு உடுத்து, மணி அடிக்க முன்னரே குளக்கட்டுக்குப் போய்விட்டார்கள். நான் எழுதுவித்த "ஒன்றுகூடும் இடம்" என்ற பலகையின் கீழே நானா சர்பத் கொடுத்தார். ஒரு வயதான அம்மா எந்தச் சாமிக்கு விசேஷம் என்று விசாரித்தார். ஒத்திகை முற்றிலும் வெற்றி என்று கொழும்புக்கு எழுதினோம். அன்று அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டு தனியாக நின்ற வாச்சருக்கு மட்டும் சர்பத் கிடைக்கவில்லை.

அது முடிந்து மாரி பிடித்தது. வாடை தொடங்கி, மழைக்கு நடுவே வெயில் எட்டிப் பார்க்கிற ஒரு கார்த்திகைக் காலை. பத்து மணியிருக்கும். அலுவலகத்திலிருந்து தபால் பையை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனேன். வடக்கேயிருந்து வருகிற அந்தப் பாதையில் பம்புக் கொட்டில் இடக்கைப் பக்கம் வரும். அதற்கு இருநூறு யார் தூரம் இருக்கும்போது ஒரு லொறி எதிரே வந்து என்னைத் தாண்டி அசுர வேகத்தில் போனது. புதிய சிலிண்டர் மாற்ற வந்தவர்களின் லொறி. முன் ஆசனத்தில் இருந்த இருவரும் லேஞ்சியால் முகத்தைப் பொத்தியிருந்தார்கள். பழைய சிலிண்டரின் திருகியை முறித்துவிட்டுத்தான் அவர்கள் அப்படிப் போனார்கள் என்பது பிறகு தெரிய வந்தது.

மணி கேட்டது.

கொட்டிலின் கதவிடுக்கால் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு புகை நிலத்தோடு ஒட்டி வழிந்துகொண்டிருந்தது. பாலை மரத்தடியில் வாச்சர் நின்றார். ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அடித்தார். எனக்கு ஒரு மணமும் வரவில்லை. வாடை என் முதுகில் குளிராக அடித்துக்கொண்டிருந்தது. இந்த இரண்டு வசனத்தின் பொருளும் அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவில்லை. உலகத்திலேயே பாதுகாப்பான இடத்தில் நான் நின்றேன். அங்கிருந்து நேரே நடந்து போனால் காற்று என் பின்னால் காவல் வந்திருக்கும். அவரை அணைத்து இழுத்துக்கொண்டு அதே வழியால் திரும்பியிருக்கலாம். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிட வேலை.

ஆனால் என் தலைக்குள் நான்காம் பந்தி ஓடியது. நானே எழுதியது. மணி கேட்டதும் குளக்கட்டின் தென்மேற்கு முனைக்குப் போகவும். நான் சைக்கிளைத் திருப்பினேன்.

பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. பயம் யாருக்கும் வரும். பயத்துக்குக் கையில் ஒரு திட்டமும் இருந்ததுதான் எனக்கு வெட்கம். விதியைப் பின்பற்றுகிற மனிதனின் நிமிர்ந்த முதுகோடு நான் குளக்கட்டுக்குப் போகும் மேற்குப் பாதையால் சுற்றி மிதித்தேன்.

வழியில் சனம் எதிரே வந்தது. களையெடுத்த சேறு முழங்கால் வரை காய்ந்திராத ஆண்கள், பின்னால் நானா, தோளில் நனைத்த சாக்கு நாலைந்து. "அங்காலை போகாதேங்கோ! கேஸ்! குளக்கட்டுக்குப் போங்கோ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒருவரும் நிற்கவில்லை. வாச்சரின் மனைவியும் ஓடி வந்தார். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார், நான் போகிற திசையையும் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பை வாய்க்காலில் தோய்த்துக்கொண்டு ஓடினார்.

குளக்கட்டு முனையில் என் பலகையின் கீழே நான் ஒருவனாக ஒன்றுகூடினேன். அங்கேதான் மணம் வந்தது. முதலில் சலவைத் தூள் போல, பிறகு கண்ணுக்குள் மிளகாய் அரைத்தது போல. வாடை வாயுவை என் அம்புக்குறிக்கு நேர் எதிராக, நான் நின்ற இடத்துக்கே தள்ளிக்கொண்டு வந்தது. இருமத் தொடங்கினேன். கண்ணீருக்குள்ளால் பார்த்தால், தூரத்தில் சனம் என்னைவிட நிதானமாக இருந்தது. வருஷா வருஷம் களத்தில் நெல்லுத் தூற்றுகிற கைகள் அவை. காற்று எந்தப் பக்கம் என்று ஒருவரும் லேஞ்சி பிடித்துப் பார்க்கவில்லை. மேற்குப் பாதையால் வந்தவர்கள்கூடச் சுற்றிப் போய், நான் விட்டு வந்த அதே வடக்குப் பாதையால், காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு இறங்கினார்கள்.

அப்போது மணி நின்றது.

அந்த அமைதியைச் சொல்ல எனக்குத் தெரியாது. ஐந்து நிமிடம் எப்போதோ கடந்திருந்தது. கடவுளே, ஐந்தாம் பந்தி முடிந்துவிட்டது என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்க வரவில்லை. அந்தப் பலகைத் தூணைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு, ஈரச் சாக்கால் தலையை மூடிய நாலு பேர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வடக்கே போவது தெரிந்தது. மடங்காத கால் நேரே நீட்டிக்கொண்டிருந்தது. உயிர் இருக்கிறதா இல்லையா என்று கேட்க என் பக்கத்தில் ஓர் ஆளும் இல்லை. மயங்கி விழ முன்னர் கடைசியாக நான் கண்டது அந்தக் காலைத்தான்.

என்னையும் அதே ஆட்கள்தான் வந்து தூக்கினார்கள். ஆஸ்பத்திரியில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அன்று முழுத் திட்டத்துக்கும் நோயாளர் இரண்டே பேர். திட்டத்தின்படி மணி அடித்தவர் ஒருவர், திட்டத்தின்படி ஓடியவன் ஒருவன். திட்டத்தை மீறியவர்களுக்குக் கண் கொஞ்சம் சிவந்ததோடு சரி. மத்தியானத்துக்கு மேல் அவர்கள் திரும்பக் களையெடுக்கப் போய்விட்டார்கள். அப்போதிக்கரி ஐயா இரண்டு கட்டிலுக்கும் நடுவே நின்று, யாரைப் பார்த்துச் சொல்வதென்று தெரியாமல், "நல்ல காலம்" என்றார்.

வாச்சருக்கு இரண்டு நாள் மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள்தான் பிழைப்பார் என்று சொன்னார்கள். நெஞ்சு பழையபடி ஆகாது, ஆனால் பிழைப்பார். அவருடைய மனைவி இரண்டு கோப்பையில் கஞ்சி கொண்டு வந்தார். ஒன்றை அவருக்குப் பருக்கினார். மற்றதை என் கட்டிலருகில் வைத்தார். அந்தக் கஞ்சியை நான் குடித்தேன். குடிக்காமல் விடுவதற்கும் ஒரு தகுதி வேண்டும்.

நாலாம் நாள் பின்னேரம் அவருக்குக் கொஞ்சம் குரல் வந்தது. மனைவி கோப்பை கழுவ வெளியே போயிருந்தார். அவர் என் பக்கம் தலையைத் திருப்பினார்.

"ஐயாவின்ரை சைக்கிளைக் கண்டனான்" என்றார்.

நான் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டேன்.

"கிட்டத்தானே நிண்டனீங்கள். சரி, கிளாக்கர் ஐயா வாறார் எண்டு மணியை விட்டிட்டு மெல்ல உங்கடை பக்கம் நடக்கத்தான் பாத்தனான்." இருமல் வந்தது. அது அடங்கும்வரை பொறுத்தார். அவருடைய குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். நடந்ததை நடந்தபடி சொல்லுகிற குரல்தான் அது. "சைக்கிள் திரும்பினதும் தெரிஞ்சுது. அதுக்குப் பிறகுதான் ஐயா திரும்பி வந்து உரத்து அடிச்சனான்."

முகமூடி தை மாதம் வந்தது, நான் அனுப்பிய அளவுக்கு அச்சொட்டாக. அதற்கு முன்னர், நான் கட்டிலை விட்டு எழும்பிய முதல் நாளே கொழும்புக்கு அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. படிவத்தில் பத்துக் கேள்விகள். திட்டம் பின்பற்றப்பட்டதா என்ற கேள்விக்கு "ஓரளவு" என்று எழுதினேன். மணியோசை போதிய தூரம் கேட்டதா என்று கடைசிக் கேள்வி. அதற்கு நான் எழுதிய பதில் ஒன்றுதான் அந்தப் பதினொரு பக்கத்தையும் சேர்த்து நான் எழுதியவற்றில் பொய் கலவாதது.

"கேட்டது" என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன்.